இரட்டைப் பாதை என்ற சாக்கு: லண்டன் சுரங்க ரயில் வார நாள்களில் ஏன் இரவு ஓடுவதில்லை?

கரிகாலன்_ஈஸ்ட்ஹாம்:
இந்த மன்றத்தின் பக்கத்து இழையில் (விவாதத் தொடரில்) "தண்டவாளம்" என்ற பெயரில் எழுதும் அன்பர், லண்டன் சுரங்க ரயிலை வாரம் முழுவதும் இரவில் ஓட்டுவது பொறியியல்படி இயலாத காரியம் என்றும், போவதற்கு ஒன்று வருவதற்கு ஒன்று என இரட்டைப் பாதை மட்டுமே உள்ள ஊரை, நான்கு பாதைகள் உள்ள நியூயார்க்கோடு ஒப்பிடுவது அறியாமை என்றும் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஒருவரும் மறுக்காததால் அதுவே உண்மையென நிலைத்துவிடும் என்ற கவலையில் இந்தத் தனி இழையைத் தொடங்குகிறேன்.

நியூயார்க்கின் எல் (L) தடத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்கிறாரா? மன்ஹாட்டனில் 14ஆம் தெருவின் அடியில் புறப்பட்டு, ஆற்றுக்குக் கீழே சென்று, புரூக்ளினின் கனார்சி வரை போகும் அந்தத் தடம் முழு நீளமும் இரட்டைப் பாதைதான். விரைவு ரயிலுக்கெனத் தனிப் பாதை எதுவும் அதில் இல்லை. ஆயினும் அது நள்ளிரவிலும், செவ்வாய்க்கிழமை நள்ளிரவிலும்கூட, 20 நிமிடத்துக்கு ஒரு ரயில் என ஓடிக்கொண்டிருக்கிறது. இரட்டைப் பாதையில் இயலாது என்றால் அங்கே ஓடுவது என்ன, பல்லக்கா?

தண்டவாளம்:
என் சொற்களைப் பாதியில் வெட்டி மேற்கோள் காட்டுவது கரிகாலன் ஐயாவுக்குப் புதிதன்று என்பதால் வியப்படையவில்லை. நான் எழுதியதை அமைதியாக மீண்டும் எழுதுகிறேன். லண்டனில் வார நாள்களில் நகர மையத்திலிருந்து கடைசி ரயில்கள் ஏறத்தாழ 12.30 மணியளவில் புறப்படுகின்றன. காலையில் 5 மணி தாண்டியதும் முதல் ரயில்கள் வந்துவிடுகின்றன. கடைசி ரயில் தன் இடம் சேர்ந்து, மின்சாரம் துண்டிக்கப்பட்டு, அது துண்டிக்கப்பட்டது உறுதி செய்யப்பட்டு, ஆட்கள் கருவிகளைச் சுமந்துகொண்டு சுரங்கத்துக்குள் நடந்து போய்ச் சேர்ந்த பிறகுதான் வேலை தொடங்கும். மின்சாரம் திரும்புவதற்குள் கடைசி ஆணி வரை எண்ணி எடுத்துக்கொண்டு வெளியேறிவிட வேண்டும். மிஞ்சுவது மூன்று மணி நேரம் இருந்தால் அதிகம். தண்டவாளம் மாற்றுவது, சமிக்ஞைக் கம்பிகளைச் சோதிப்பது, சுரங்கத்தில் சேரும் தூசியையும் முடியையும் கூட்டி எடுப்பது எல்லாம் அந்த மூன்று மணி நேரத்துக்குள்தான். ஆழ்சுரங்கத்தின் விட்டம் மூன்றரை மீட்டரைச் சற்றே தாண்டும். ரயில் உள்ளே வந்தால் மனிதன் ஒதுங்கி நிற்க இடமில்லை.

எல் தடம் என்று முழங்குகிறீர்களே, அந்த எல் தடத்தின் ஆற்றடிச் சுரங்கத்தை 2019 ஏப்ரல் முதல் 15 மாதங்கள் முழுமையாக மூடத் திட்டமிட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே.

கரிகாலன்_ஈஸ்ட்ஹாம்:
சொல்கிறேன், முழுவதையும் சொல்கிறேன். 2012-இல் சாண்டி புயலின்போது உப்புநீர் புகுந்து அந்தச் சுரங்கத்தின் மின்கம்பிகளும் காரைச் சுவர்களும் பாழாயின. இரவு ரயில் ஓடியதால் அல்ல, கடல் உள்ளே வந்ததால். அதைப் பழுதுபார்க்க 15 மாத மூடல் என்று முதலில் அறிவித்தவர்கள், 2019 சனவரியில் நியூயார்க் மாநில ஆளுநர் குவோமோ தலையிட்ட பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, இரவுகளிலும் வார இறுதிகளிலும் சுரங்கத்தின் இரு குழாய்களில் ஒன்றை மட்டும் மூடி, மற்றதில் இரு திசை ரயில்களையும் மாற்றி மாற்றி விட்டு, 2020 ஏப்ரலில் வேலையை முடித்தார்கள். அதாவது, சுரங்கத்தைப் பெயர்த்துக் கட்டிய காலத்திலும் எல் தடம் நள்ளிரவில் ஓடியது. நீங்கள் எனக்கு எதிராக எடுத்த ஆயுதம் என் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது, நன்றி.

டூட்டிங்வாசி:
இதென்ன வழக்கு என்றே விளங்கவில்லை. 2016 ஆகஸ்ட் 19 முதல் இரவு ரயில் லண்டனில் இருக்கிறது. முதலில் சென்ட்ரல், விக்டோரியா, அதே ஆண்டிலேயே ஜூபிலி, நார்தர்ன், பிக்கடில்லி என ஐந்து தடங்கள் வெள்ளி, சனி இரவுகளில் ஓடத் தொடங்கின. கொரோனாவால் நின்றது, 2021 நவம்பரில் திரும்பத் தொடங்கி 2022-இல் ஐந்தும் மீண்டுவிட்டன. எங்கள் டூட்டிங் பிராட்வேயில் ரயிலுக்கு எட்டு நிமிடம் காத்திருந்தால் அதிகம். குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் இடம் மாறி வரலாம். இங்கே தோசையும் நன்றாக இருக்கும்.

கரிகாலன்_ஈஸ்ட்ஹாம்:
இதோ வந்துவிட்டார் நார்தர்ன் தடத்தின் மாப்பிள்ளை. உங்கள் நார்தர்ன் தடத்திலேயே பேங்க் நிலையம் வழியாகச் செல்லும் கிளையில் இரவு ரயில் கிடையாது. சேரிங் கிராஸ் வழியாக மட்டுமே உண்டு. பிக்கடில்லி ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் போகும், ஆனால் நான்காம் முனையத்துக்குப் போகாது. ஆல்பர்ட்டன், ரேய்னர்ஸ் லேன் பக்கம் எட்டிப் பார்க்காது. எங்கள் ஈஸ்ட் ஹாமுக்கு வருகிற டிஸ்ட்ரிக்ட், ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி ஆகிய இரண்டிலும் எந்த இரவும் இல்லை. சிவராத்திரிக்குக் கண்விழித்தவர்கள் வீடு திரும்ப விடியும்வரை காத்திருப்பதும் விரதத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் இது கிளைக்கதை. நான் கேட்டது எல் தடத்தைப் பற்றி. அதற்குப் பதில் வரவில்லை.

தண்டவாளம்:
பதில் கொடுத்துவிட்டேன், படிக்க விருப்பமில்லாதவருக்கு மீண்டும் ஒரு முறை. எல் தடம் ஒரு தடம். நியூயார்க்கின் முதுகெலும்பான பெரிய தடங்களில் நான்கு பாதைகள் இருப்பதால் இரண்டை மூடி இரண்டில் ஓட்டலாம் என்ற வசதியின் மீதுதான் அந்த ஊரின் இரவுச் சேவை முழுவதும் எழுந்து நிற்கிறது. அந்த வசதியும் போதாமல்தான் 2012 முதல், வார நாள் இரவுகளில் ஒரு தடத்தின் ஒரு பகுதியை மொத்தமாக மூடி வேலை செய்யும் முறையை அவர்களே கொண்டுவந்தார்கள். போதாக்குறைக்கு 2020 மே முதல் ஓராண்டுக்கும் மேலாக நியூயார்க் தன் சுரங்க ரயில் முழுவதையும் நள்ளிரவில் மூடியே வைத்திருந்தது.

உலகத்தையும் கொஞ்சம் பாருங்கள். டோக்கியோ நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்தில் மூடுகிறது. பாரிஸ் வெள்ளி, சனியில் 2.15 வரை இழுக்கிறது, மற்ற நாள்களில் ஒரு மணி நேரம் முன்னதாகவே முடிக்கிறது. பெர்லின் வார இறுதி இரவுகளில் மட்டும் விடிய விடிய ஓட்டுகிறது. இத்தனை ஊர்ப் பொறியாளர்களுக்கும் தெரியாதது ஈஸ்ட் ஹாமில் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

கரிகாலன்_ஈஸ்ட்ஹாம்:
2020-இல் மூடியது நோய்த்தொற்றுக் காலத்தில் பெட்டிகளைக் கழுவித் துடைக்க. 2021 மே மாதம் மீண்டும் திறந்துவிட்டார்கள். தண்டவாளம் தேய்ந்ததால் மூடவில்லை. சில இரவுகளுக்கு ஒரு பகுதியை மூடுவதும், ஆண்டின் எல்லா வார நாள் இரவுகளிலும் ஊர் முழுவதையும் மூடுவதும் ஒன்றென்று சொல்லும் துணிவு எனக்கில்லை. உங்களுக்கு இருக்கிறது, வாழ்த்துகள்.

"எல் தடம் ஒரு தடம்" என்கிறீர்கள். ஒரு தடத்தில் இயன்றால் "இயலாது" என்ற உங்கள் வாதம் விழுந்தது. "கடினம்" என்று எழுதியிருந்தால் நான் இந்த இழையையே தொடங்கியிருக்க மாட்டேன். "இயலாது" என்று எழுதியவர் நீங்கள்.

பால்டிக்காற்று:
இருவருக்கும் ஓர் உதவி. கோபன்ஹேகன் மெட்ரோவும் இரட்டைப் பாதைதான். நாள் முழுவதும், வாரம் முழுவதும் ஓடுகிறது.

தண்டவாளம்:
கோபன்ஹேகன் 2002-இல் திறந்த, ஓட்டுநரே இல்லாத ரயில். இரவில் ஓட்டுவதை மனத்தில் வைத்துக் கட்டியவர்களோடு, 1863 சனவரி 10 அன்று நீராவி எஞ்சினோடு தொடங்கியவர்களை ஒப்பிடுவதா?

கரிகாலன்_ஈஸ்ட்ஹாம்:
கோபன்ஹேகன் எனக்கு வேண்டாம். அதை நான் மேற்கோள் காட்டவுமில்லை. வயதுக் கணக்கு என்றால் வயதைப் பார்ப்போம். எல் தடத்தின் ஆற்றடிச் சுரங்கம் 1924-இல் திறக்கப்பட்டது. லண்டனின் விக்டோரியா தடம் 1968-இல் திறக்கப்பட்டது. எது கிழவி? 1863-இல் நீராவியோடு தொடங்கியது மேலடுக்குத் தடம், அதாவது தரைக்குச் சற்றே கீழே ஓடுவது. அதையும் ஆழ்சுரங்கத்தையும் ஒரே மூச்சில் குழப்பிவிட்டு என்னை அறியாதவன் என்கிறார். சென்ற ஆண்டு எலிசபெத் தடம் இரவிலும் ஓடப்போகிறது என்று இதே தண்டவாளம் அடித்துச் சொன்னதை இங்கே பலரும் மறந்திருக்கலாம். 2022 மே 24-இல் திறந்த அந்தத் தடத்தில் இன்று வரை இரவு ரயில் இல்லை.

தண்டவாளம்:
ஓடும் என்று சொல்லவில்லை. ஓடலாம் என்று சொன்னேன். இழையைத் தேடி எடுத்து ஒட்டுங்கள் பார்ப்போம்.

வண்டிக்காரன்:
ஓட்டுநர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இரவு ரயில் 2015 செப்டம்பர் 12 அன்றே தொடங்கியிருக்க வேண்டியது. அந்தக் கோடையில் சுரங்க ரயிலையே நிறுத்திய வேலைநிறுத்தங்கள் நடந்ததும், ஓராண்டு தள்ளிப்போனதும் எல்லாருக்கும் தெரியும். தொழிலாளர்கள் சோம்பேறிகள் என்று அப்போது இங்கேயே எழுதினார்கள். நாங்கள் கேட்டதோ, இரவும் பகலும் மாறி மாறி வரும் பணிமுறையில் தூக்கத்துக்கும் குடும்பத்துக்கும் யார் ஈடு தருவார்கள் என்பதுதான். இரவுக்கென்றே பகுதிநேர ஓட்டுநர்கள் சுமார் 200 பேரை எடுத்த பிறகுதான் ரயில் நகர்ந்தது. 2021-இல் அந்தத் தனிப் பிரிவைக் கலைத்து எல்லாருடைய பணிப்பட்டியலிலும் இரவைச் சேர்த்தபோது மறுபடியும் வேலைநிறுத்தம் வந்தது. பாதை இரண்டா நான்கா என்பது அன்றைய பேச்சுவார்த்தையில் யாருக்கும் தலைவலியாக இருக்கவில்லை.

கரிகாலன்_ஈஸ்ட்ஹாம்:
வண்டிக்காரன் அண்ணை சொன்ன கடைசி வரியைத் தண்டவாளம் சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம். பாதை தடையாக இல்லை என்று ரயில் ஓட்டுகிறவரே சொல்லிவிட்டார்.

வண்டிக்காரன்:
நான் அப்படிச் சொல்லவில்லை. பராமரிப்பு நேரத்தைக் குறைத்தால் முதலில் ஆபத்தில் விழுவது நாங்கள்தான். என் வாயில் சொல் திணிக்க வேண்டாம்.

நியூமோல்டன்_ராசா:
சுரங்க ரயில் வீட்டு வாசலில் இருப்பவர்கள் அது இரவில் ஓடவில்லை என்று அடித்துக்கொள்வதைப் பார்க்க எங்களுக்குப் பொறாமையாக இருக்கிறது. எங்கள் ஊருக்குப் பகலிலேயே சுரங்க ரயில் கிடையாது. வாட்டர்லூ நிலையத்தில் கடைசி ரயிலைத் தவறவிட்டால் எல் தடமாவது, பி தடமாவது.

டூட்டிங்வாசி:
இரவுப் பேருந்து என்று ஒன்று 1913 முதல் இந்த ஊரில் இருப்பதையும் ஞாபகப்படுத்துகிறேன். எங்களுக்கு N155, ஈஸ்ட் ஹாம்காரருக்கு N15. ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் ஒரே கட்டணம். மலிவு.

கரிகாலன்_ஈஸ்ட்ஹாம்:
இரவு ரயில் வாசலில் நிற்கிறவர் பேருந்தின் பெருமையை எங்களுக்குச் சொல்லித் தருகிறார். சனி இரவு கேளிக்கை முடித்து வருகிறவருக்கு எட்டு நிமிடத்துக்கு ஒரு ரயில். செவ்வாய் இரவு மருத்துவமனையில் தரை துடைத்து முடித்தவருக்கும், விடியுமுன் விமான நிலையத்தில் பணி தொடங்க வேண்டியவருக்கும் பேருந்து, அதிலும் இரண்டு மாறி. இரவுக் காட்சி பார்ப்பவருக்காக 2016-இல் இயன்ற ஒன்று, வேலைக்குப் போகிறவருக்காக இயலாமல் போவது எந்தப் பொறியியல்?

தண்டவாளம்:
உணர்ச்சியைப் பொறியியலாக விற்க வேண்டாம். வாரத்தில் ஐந்து இரவுகள் மூடி வைத்து வேலை செய்வதால்தான் மிச்சம் இரண்டு இரவுகள் ஓட்ட முடிகிறது, அதுதான் கணக்கு. டிஸ்ட்ரிக்ட் உள்ளிட்ட நான்கு மேலடுக்குத் தடங்களில் சமிக்ஞைகளை மாற்றும் பெரும்பணி ஆண்டுக்கணக்காக நடப்பதால்தான் அவை இரவுப் பட்டியலில் சேரவில்லை. இது சதியன்று, வேலை. உங்கள் விருப்பப்படி ஏழு இரவும் ஓட்டினால், பகலில் நாள்கணக்கில் மூட வேண்டிவரும். அப்போது அதற்கும் ஓர் இழை தொடங்குவீர்கள்.

கரிகாலன்_ஈஸ்ட்ஹாம்:
நீங்கள் பயமுறுத்தும் அந்த மூடல் ஏற்கெனவே நடந்தாயிற்று. வார நாள் இரவுகளில் மூடியும், 2022 சனவரியிலிருந்து மே வரை 17 வாரங்கள் நார்தர்ன் தடத்தின் பேங்க் கிளையை மூர்கேட்டுக்கும் கென்னிங்டனுக்கும் இடையில் அடியோடு மூடினார்கள். அப்படியானால் இரவு மூடல் எதைக் காப்பாற்றியது?

தண்டவாளம்:
அது பராமரிப்பு மூடலன்று. பேங்க் நிலையத்தில் தெற்கு நோக்கிய ரயில்களுக்குப் புதிய சுரங்கத்தையே தோண்டி, பழைய பாதையை அதில் இணைத்தார்கள். வீடு கூட்டுவதற்கும் வீடு கட்டுவதற்கும் வேறுபாடு தெரியாதவரோடு இனி என்ன பேச?

கரிகாலன்_ஈஸ்ட்ஹாம்:
பேசாமல் போகலாம், ஆனால் போகுமுன் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். எல் தடம் இரட்டைப் பாதையா, இல்லையா? அது செவ்வாய் இரவு ஓடுகிறதா, இல்லையா? ஆம் அல்லது இல்லை.

தண்டவாளம்:
ஆம், ஆம். லண்டனுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதுதான் என் நிலை; நேற்றும் இன்றும்.

டூட்டிங்வாசி:
ஆண்டிறுதி இரவில் பெரும்பாலான தடங்கள் விடிய விடிய ஓடுகின்றனவே, அன்று பாதை நான்காகிவிடுகிறதா?

தண்டவாளம்:
தம்பி, நீங்கள் எந்தப் பக்கம்?

டூட்டிங்வாசி:
நார்தர்ன் பக்கம்.

கரிகாலன்_ஈஸ்ட்ஹாம்:
"ஆம், ஆம்" என்பதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். அடுத்து ஞாயிறு காலைக்கு வருவோம். டிஸ்ட்ரிக்ட் தடத்தில் அன்று ஏறத்தாழ ஏழு மணி வரை ரயிலே இல்லை. வார நாளில் ஐந்தரைக்கு முன்பே வந்துவிடும் ரயில், ஞாயிறன்று மட்டும் கூடுதலாக எதைப் பராமரிக்கத் தாமதமாக வருகிறது என்று, பொறியியல் கற்றவர்கள் யாராவது விளக்குவார்களா?

தண்டவாளம்:
விளக்கம் இந்த இழையில் என் முதல் பதிவிலேயே இருக்கிறது. மேலே ஏறிப் படிக்கவும்.

கரிகாலன்_ஈஸ்ட்ஹாம்:
படித்தேன். அதில் ஞாயிறு என்ற சொல்லே இல்லை.