சிக்னலில் எஞ்சின் தானாக நிற்பதில்லை: பேட்டரியை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

திருநகர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது மேனுவல் கியர் கொண்ட சிறிய பெட்ரோல் கார். வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகப்போகின்றன. சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்றிக் கிளட்சிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் தானாக நிற்பதும், கிளட்சை மிதித்தவுடன் மறுபடி ஓடத் தொடங்குவதும் இதுவரை ஒழுங்காகவே நடந்து வந்தன. இந்தப் பங்குனி பிறந்ததிலிருந்து அந்த வசதி இருந்தும் இல்லாதது போல ஆகிவிட்டது.

திருநகரிலிருந்து பசுமலை, பழங்காநத்தம் வழியாகச் சிம்மக்கல்லில் உள்ள எங்கள் கடைக்குப் போய் வருவதுதான் அன்றாட ஓட்டம். வழியில் எத்தனை சிக்னல் விழுந்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. மீட்டரில் அந்த வசதிக்கான வட்ட அம்புச் சின்னம் குறுக்குக் கோட்டுடன் தெரிகிறது; வேறு எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. விருதுநகர் வரை போய்த் திரும்பும் நாட்களில், ஏசியை அணைத்து வைத்திருந்தால், கப்பலூர் சுங்கச்சாவடி வரிசையில் சில சமயம் நின்றுவிடுகிறது.

சர்வீஸ் சென்டரில் காட்டியபோது எந்தச் சோதனையும் செய்து காட்டாமல் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். அந்தப் பேட்டரியோ போன ஆண்டுதான் வெளியே ஒரு கடையில் புதிதாகப் போட்டது. செல்ஃப் எடுப்பதிலும் துளித் தயக்கம் இல்லை. நேற்றுக் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், 12.2 வோல்ட் காட்டியது. தை மாதம் ஒரு கடையில் டாஷ்கேம் (சாலையைப் படம் பிடிக்கும் சிறிய கேமரா) பொருத்தினார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா, அல்லது இது முழுக்க வெயிலின் வேலையா என்பதைத் தெரிந்தவர்கள் சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் எனக்கு ஒரு தெளிவு கிடைக்கும்.

அண்ணாநகர் ஓட்டுநர்:

வணக்கம் ஐயா. முதலில் வெயிலைத்தான் சந்தேகிக்க வேண்டும். நம் கார்களில் பெரும்பாலானவற்றில் ஏசி கம்ப்ரசரைச் சுழற்றுவது எஞ்சினோடு இணைந்த பெல்ட்தான் என்பதால், எஞ்சின் நின்றால் கம்ப்ரசரும் நின்றுவிடும். அதன்பின் வருவது வெறும் காற்று. உள்ளே நீங்கள் கேட்ட குளிர்ச்சி இன்னும் வந்து சேரவில்லை என்று வண்டியின் கணினி கருதினால் எஞ்சினை நிறுத்தவே நிறுத்தாது. நண்பகலில், 40 டிகிரியைத் தொடும் வெயிலில் நின்ற வண்டியை எடுத்துக்கொண்டு, ஏசியை 18-இல் வைத்துக் கோரிப்பாளையத்துக்குள் நுழைந்தால், சிக்னல் எத்தனை நேரம் விழுந்தாலும் அது நிற்கப்போவதில்லை. பழுதில்லை, வடிவமைப்பே அப்படித்தான்.

இரவு கடை அடைத்துத் திரும்பும்போது ஏசியை அறவே அணைத்துவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு பாருங்கள். அப்போது நின்றால் பேட்டரிக்காரரிடம் போக வேண்டியதில்லை.

காளவாசல் பட்டறைக்காரர்:

அண்ணாநகர் நண்பர் சொன்னது சரிதான், ஆனால் கேள்வியில் இருக்கும் 12.2 வோல்ட் என்ற எண்ணை அவர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். இரவு முழுவதும் ஓய்வில் இருந்த 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி முழுச் சார்ஜில் இருந்தால் 12.6 முதல் 12.7 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிதான் இருக்கிறது என்று பொருள். நம் ஊர்ச் சூட்டில் பாதிச் சார்ஜில் உள்ள பேட்டரியும் செல்ஃபை எளிதாகச் சுழற்றிவிடும். ஆகவே செல்ஃப் நன்றாக எடுக்கிறது என்பது பேட்டரிக்கு நற்சான்று ஆகாது. தன்னால் எஞ்சினை மறுபடி எழுப்ப முடியும் என்ற உறுதி இருந்தால் மட்டுமே கணினி அதை நிறுத்தும். அந்த உறுதிக்கு அது வைத்திருக்கும் வரம்பு, செல்ஃப் எடுப்பதற்குத் தேவையான அளவைவிட வேண்டுமென்றே உயரமாக வைக்கப்பட்டிருக்கிறது.

இதிலிருந்து பேட்டரி கெட்டுவிட்டது என்ற முடிவுக்குத் தாவக் கூடாது. சார்ஜ் இல்லாத பேட்டரி வேறு, சார்ஜைத் தாங்காத பேட்டரி வேறு. உங்கள் வண்டியில் முதலாவதுதான் நடந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு, அதற்குக் காரணம் அந்த டாஷ்கேம்.

வண்டி நிற்கும்போதும் படம் பிடிக்கும்படி பார்க்கிங் மோடில் வைக்கப்பட்ட டாஷ்கேம் கால் ஆம்பியர் அளவுக்கு இழுப்பது சாதாரணம். ஒரு நாளில் இருபத்து மூன்று மணி நேரம் வண்டி நின்றால், அதுவே கிட்டத்தட்ட 6 ஆம்பியர்-மணி ஆகிறது. சிறிய காரின் பேட்டரியோ 35 முதல் 45 ஆம்பியர்-மணிக்குள் இருக்கும். திருநகருக்கும் சிம்மக்கல்லுக்கும் இடையே ஊர்ந்து செல்லும் நேரத்தில் ஏசி, முகப்பு விளக்கு, ஊதுவிசிறி எல்லாவற்றுக்கும் கொடுத்தது போக, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் அந்த இழப்பை முழுதாக நிரப்பிவிடாது; லெட்-ஆசிட் பேட்டரியின் கடைசி ஐந்தில் ஒரு பங்கு சார்ஜ் ஏறுவதற்கு மணிக்கணக்கில் ஆகும் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். விருதுநகர் போய் வந்தால் மட்டும் வசதி வேலை செய்வதற்கு, ஏசியை அணைத்ததோடு, நெடுஞ்சாலையில் கிடைத்த சார்ஜும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் பானட்டைத் திறந்து நீங்களே பார்த்துவிடலாம். நெகட்டிவ் டெர்மினலின் மேல், கேபிள் தொடங்கும் இடத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துண்டும் அதிலிருந்து புறப்படும் மெல்லிய ஒயரும் இருக்கிறதா? அதுதான் பேட்டரி சென்சார். பேட்டரிக்குள் போகும் மின்னோட்டம், வெளியே வரும் மின்னோட்டம், வோல்ட், வெப்பம் ஆகியவற்றை அளந்து கணினிக்குச் சொல்வது அதன் வேலை. டாஷ்கேமின் எர்த் ஒயரை அந்தச் சென்சாரைத் தாண்டி உடற்பகுதியில் முடுக்காமல், நேரே நெகட்டிவ் போஸ்ட்டில் சேர்த்திருந்தால், அது இழுக்கும் மின்சாரம் எதுவும் சென்சாரின் கணக்கில் வராது. கல்லாவைக் கடக்காமல் பின்வாசல் வழியே போகும் சரக்கைப் போல. இருப்பு இவ்வளவு என்று ஏட்டில் ஒன்று இருக்கும், பேட்டரியில் வேறொன்று இருக்கும். நீண்ட நேரம் நின்ற பிறகு ஓய்வு வோல்ட்டைப் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளும் கணினி, எஞ்சினை நிறுத்தும் வேலையை நிறுத்தி வைத்துவிடும். அதிக ஒலி ஹார்ன், ஆம்ப்ளிஃபையர், ஃபாக் லைட் எதைப் பொருத்தினாலும் இதே விதிதான்.

ஆகவே பார்க்கிங் மோடை அணையுங்கள். எர்த் ஒயர் எங்கே முடிகிறது என்று பாருங்கள். பேட்டரியை ஓர் இரவு மெதுவான சார்ஜரில், 4 ஆம்பியருக்கு மிகாமல், ஏற்றுங்கள். சார்ஜரின் நெகட்டிவ் கிளிப்பையும் போஸ்ட்டில் அல்லாமல் எஞ்சினிலோ பாடியிலோ உள்ள உலோகப் பகுதியில்தான் மாட்ட வேண்டும். பிறகு வண்டியைப் பூட்டிச் சில மணி நேரம் தொடாமல் விட்டால் சென்சார் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். மறுநாள் காலையில் 12.5-க்கு மேல் நின்றால் பேட்டரியில் உயிர் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது, முகப்பு விளக்கு எரிய, 13.8-க்கும் 14.4-க்கும் இடையே வருகிறதா என்பதையும் பார்த்து வையுங்கள்.

பேட்டரியின் மேல் ஒட்டியுள்ள தாளில் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் (இந்த வசதியுள்ள கார்களுக்கான பேட்டரி வகைகள்) என்று அச்சிட்டிருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். இது முக்கியம்.

நரிமேடு பெரியவர்:

இத்தனை பாடு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. வண்டியில் ஏறியவுடன் அந்தப் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டுப் போவதுதான் என் வழக்கம். சிக்னலுக்குச் சிக்னல் செல்ஃப் அடித்தால் செல்ஃப் மோட்டார் தேயாதா? மிச்சமாகும் பெட்ரோல் பேட்டரி விலைக்குக் காணுமா? நம் ஊர்ப் போக்குவரத்துக்கு இது தேவையில்லாத வசதி என்பதே என் கருத்து.

காளவாசல் பட்டறைக்காரர்:

ஐயா, பட்டனை அழுத்துவதால் வண்டிக்கு எந்தத் தீங்கும் இல்லை; அது ஓட்டுபவரின் விருப்பம். ஆனால் செல்ஃப் தேயும் என்ற அச்சம் பழைய வண்டிகளுக்குப் பொருந்துவது. இந்த வசதியோடு வரும் வண்டிகளில் பல மடங்கு அதிகமான ஸ்டார்ட்களைத் தாங்கும்படி செல்ஃப் மோட்டாரையும் எஞ்சினின் பேரிங்குகளையும் வலுப்படுத்தியிருப்பார்கள். சில வண்டிகளில் செல்ஃபுக்குப் பதிலாக, பெல்ட்டில் இணைந்த ஸ்டார்ட்டர் ஜெனரேட்டரே எஞ்சினைச் சத்தமின்றி எழுப்புகிறது. மிச்சக் கணக்கைப் பொறுத்தவரை உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சிறிய பெட்ரோல் எஞ்சின் ஒரு மணி நேரம் நின்றபடி ஓடினால் அரை லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். அன்றாடம் சிக்னலில் பத்து நிமிடம் மட்டுமே நிற்பவருக்கு அது பெரிய தொகை ஆகாது.

ஆனால் திருநகர் நண்பரின் சிக்கல் பெட்ரோல் மிச்சம் பற்றியதல்ல. பட்டனை அழுத்தினால் அந்த வசதிதான் அணையும். டாஷ்கேம் பேட்டரியை இழுப்பது நிற்காது. வெளியூர் போய் ஒரு வாரம் வண்டியை நிறுத்தி வைத்தால் செல்ஃபே எடுக்காத நிலை வரும். இந்த வசதி வேலை செய்யாமல் போனதுதான் அவருக்கு முன்கூட்டியே கிடைத்த தகவல்.

மேலூர் வாசகர்:

பேட்டரி தவிரப் பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. என் தம்பி காரில் வசதி நின்றுபோனதற்குக் காரணம் பானட் பூட்டில் இருக்கும் சிறிய சுவிட்ச். பானட் திறந்திருக்கும்போது எஞ்சின் தானாகக் கிளம்பி யார் கையையும் பதம் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, பானட் மூடியிருக்கிறது என்ற தகவல் வந்தால்தான் வசதி இயங்கும். அந்தச் சுவிட்சில் வயல்பாதைப் புழுதி ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது, துடைத்ததும் சரியாகிவிட்டது. ஓட்டுநர் பக்கக் கதவு, சீட் பெல்ட் ஆகியவற்றின் சுவிட்ச்களும் இப்படித்தான்.

கிளட்ச் பெடலின் மேல் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கும் எஞ்சின் நிற்காது, ஏனென்றால் பெடல் முழுவதும் மேலே வந்தது என்று அதன் சுவிட்ச் சொல்ல வேண்டும். எஞ்சின் சூடு போதாமல் இருப்பது இன்னொரு காரணம். நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓடிய பிறகும் கூலன்ட் வெப்பம் 70 டிகிரியைத் தாண்டாவிட்டால், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது என்று கொள்ளலாம். வண்டியின் கணினியில் உள்ள தகவலைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் சொருகினால் செல்பேசியிலேயே அந்த எண் தெரியும்.

திருநகர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. பட்டறை அண்ணன் சொன்னபடியே பார்த்தேன். டாஷ்கேமின் கறுப்பு ஒயரை நெகட்டிவ் போஸ்ட்டின் நட்டிலேயே, சென்சாருக்கு முன்னால், ஒரு வளையம் போட்டு முடுக்கியிருந்தார்கள். சிவப்பு ஒயர் எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸில் சொருகப்பட்டிருந்தது. தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த்தைப் பாடியில் உள்ள போல்ட்டுக்கும், சிவப்பு ஒயரைச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கும் மாற்றினோம். இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றி, அடுத்த நாள் முழுவதும் வண்டியைத் தொடாமல் விட்டு, அதற்கு மறுநாள் காலையில் பார்த்தபோது 12.6 வோல்ட். ஓடும்போது 14.2. இப்போது இரவு திரும்பும் வழியில் பழங்காநத்தத்தில் எஞ்சின் ஒழுங்காக நிற்கிறது. நண்பகலில் ஏசியோடு போனால் நிற்பதில்லை. அதை அண்ணாநகர் நண்பரின் கணக்கில் எழுதிவிடுகிறேன். பானட் சுவிட்சையும் துடைத்துவிட்டேன்.

ஆனால் பேட்டரியின் மேல் இஎஃப்பி என்றோ ஏஜிஎம் என்றோ எதுவும் அச்சிடப்படவில்லை. காரோடு வந்த கையேட்டில் இஎஃப்பி என்று இருக்கிறது. இதை உடனே மாற்ற வேண்டுமா?

காளவாசல் பட்டறைக்காரர்:

கடையில் உங்களுக்குச் சாதாரண பேட்டரியைக் கொடுத்திருக்கிறார்கள். அளவும் டெர்மினலும் பொருந்துவதால் மாட்டிவிட முடியும். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. சாதாரண பேட்டரி ஒரு முறை பலமாகச் செல்ஃப் அடித்துவிட்டு ஓய்வெடுப்பதற்காகச் செய்யப்பட்டது. எஞ்சின் நின்றிருக்கும் நேரத்தில் விளக்கையும் ஊதுவிசிறியையும் தாங்கி, உடனே மறுபடி செல்ஃப் அடித்து, மறுபடி சார்ஜ் ஏறும் இந்தச் சுழற்சியில் அதன் தகடுகளில் உள்ள பொருள் விரைவில் உதிரும். இஎஃப்பி-யில் அந்தப் பொருளைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய வலை உண்டு. ஏஜிஎம்-இல் ஆசிட்டைக் கண்ணாடி இழை விரிப்பு உறிஞ்சி வைத்திருக்கும்.

உடனே மாற்றத் தேவையில்லை. 12.6 நிற்கிறது, செல்ஃப் எடுக்கிறது. இருக்கும் உயிரை வீணாக்குவானேன்? சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஊர்ந்து போகும் நாட்களில் மட்டும் பெரியவர் சொன்ன பட்டனை அழுத்தி வையுங்கள், பேட்டரி இன்னும் கொஞ்ச காலம் வரும். வாரண்டி சீட்டு இருந்தால் எடுத்துக்கொண்டு விற்ற கடைக்குப் போய், டெஸ்டரை வைத்து அளந்து, முடிவை எழுதித் தரச் சொல்லுங்கள்.

மாற்றும் காலம் வரும்போது கையேட்டில் உள்ள அதே ஆம்பியர்-மணி அளவில் இஎஃப்பி-யே வாங்குங்கள். உங்கள் கார் ஏஜிஎம்-ஓடு வந்திருந்தால் இஎஃப்பி-க்கு இறங்கக் கூடாது என்றிருப்பேன்; இஎஃப்பி-யிலிருந்து ஏஜிஎம்-க்கு ஏறலாம், ஆனால் எஞ்சின் அருகே சூட்டில் உட்காரும் பேட்டரிக்கு அந்தக் கூடுதல் விலை தேவையா என்பது எனக்குச் சந்தேகம்தான். சில கார்களில் புதிய பேட்டரியை ஸ்கேனர் மூலம் கணினியில் பதிவு செய்ய வேண்டும், சிலவற்றில் பூட்டி நிறுத்தி வைத்தாலே போதும். உங்களுடையது எந்த வகை என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு வையுங்கள், ஏனென்றால் பேட்டரியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் பதிவுக்கு ஷோரூமுக்குப் போங்கள் என்று அனுப்பும் கடைகளும் உண்டு.