வாரம் பெர்சி சர்ச் சுவரில் வளைவுகளை ஏன் அடைத்திருக்கிறார்கள்?

கேள்வி:
போன வாரம் யார்க்‌ஷயர் பக்கம் போனபோது வாரம் பெர்சி (Wharram Percy) என்ற, இங்கிலாந்தின் கைவிடப்பட்ட பழைய ஊரையும் பார்த்தேன். காரை விட்ட இடத்திலிருந்து முக்கால் மைல் சேற்றில் நடை, ஷூ போச்சு. ஊர் என்று ஒன்றுமில்லை, புல்மேடுகள்தான். கூரையில்லாத புனித மார்ட்டின் சர்ச் மட்டும் தனியாக நிற்கிறது. தெற்குச் சுவரில் பெரிய பெரிய வளைவுகள். அத்தனையையும் கல் வைத்து அடைத்து, நடுவில் சதுர ஜன்னல் வைத்திருக்கிறார்கள். மணிக்கூண்டும் பாதிதான் இருக்கிறது. பிளேக்கில் ஊரே செத்துப்போனதால் மூடிவிட்டார்களா?

பதில் 1:
பிளேக் கதையை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் பிளேக் வந்த 1348-49-க்குப் பிறகும் அங்கே ஆட்கள் இருந்தார்கள். ஊரைக் காலி செய்தது ஆடு! கம்பளிக்கு நல்ல விலை கிடைத்ததால் உழுத நிலத்தை மேய்ச்சலாக்கி, 1500 வாக்கில் மிச்சமிருந்த குடும்பங்களையும் நிலப்பிரபு வெளியேற்றிவிட்டார்.

பதில் 2:
வளைவு விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அங்கே இருந்தது சின்ன மரக்கோவில், அப்புறம் கல்லில் கட்டினார்கள். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் ஜனம் பெருகியதும் பக்கச் சுவரை உடைத்து, தூண்களும் வளைவுகளும் வைத்து, இரண்டு பக்கமும் மண்டபம் இழுத்தார்கள். கூட்டம் குறைந்த பிறகு அவ்வளவு கூரையை யார் பராமரிப்பது? பக்க மண்டபங்களை இடித்துவிட்டு வளைவுகளை அடைத்தார்கள், அதுவே மறுபடி வெளிச்சுவராகிவிட்டது. நீங்கள் பார்த்தது அதைத்தான். 1950 முதல் 1990 வரை வரலாற்றாளர் பெரெஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஹர்ஸ்ட்டும் கோடைதோறும் அந்த ஊரைத் தோண்டினார்கள், சர்ச்சின் தரைக்கடியிலும் தோண்டிப் பார்த்துத்தான் இந்த வரிசை தெளிவாயிற்று. கல்லறைத் தோட்டத்தில் மட்டும் 700 எலும்புக்கூடுகளுக்குக் கிட்டே கிடைத்தன.

பதில் 3:
மூடவும் இல்லை. ஊர் போன பிறகும் பக்கத்து திக்ஸன்டேல் ஜனங்களுக்கு இதுதான் பங்குக் கோவில், மேடு ஏறி இறங்கி நடந்தே வருவார்கள். 1870-இல் அவர்களுக்கென்று தனிக் கோவில் வந்ததும்தான் இங்கே வரவு குறைந்தது. அப்படியும் 1949 வரை ஆராதனை நடந்திருக்கிறது. மணிக்கூண்டு பாதி சரிந்தது 1959-இல்தான், உங்கள் பிளேக்குக்கும் அதற்கும் 600 வருஷ இடைவெளி :)

கேள்வி கேட்டவர்:
சரி சரி, பிளேக்கை விட்டுவிடுகிறேன். இப்போது போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் அடைத்த கல்லுக்குள் தூணின் தலைப்பகுதி பாதி புதைந்து நிற்பது தெரிகிறது. நேரில் நின்றபோது அதன்மேல் சாய்ந்துதான் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.