மின்தடைக்குப் பிறகு எஸ்.எஸ்.டி. தெரியவில்லை: உள்ளே இருக்கும் ஒலிப்பதிவுகளை மீட்க முடியுமா?

கேள்வி (வீரவநல்லூர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மேசைக் கணினியில் விண்டோஸ் 10 நிறுவிய 240 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. (சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் டிரைவ்) ஒன்றும், 1 டி.பி. ஹார்டு டிஸ்க் ஒன்றும் உள்ளன. சென்ற வியாழக்கிழமை மாலை இடிமழையின்போது மின்சாரம் நான்கைந்து முறை வந்து வந்து போயிற்று. யு.பி.எஸ். பேட்டரி ஏற்கெனவே பலமிழந்திருந்ததால் ஒவ்வொரு முறையும் கணினியும் சேர்ந்தே அணைந்தது. அன்றிலிருந்து கருப்புத் திரையில் பூட் டிவைஸ் கிடைக்கவில்லை என்ற ஒரு வரி மட்டுமே வருகிறது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் கணினியின் அமைப்புத் திரையில்) ஹார்டு டிஸ்க் எப்போதும் தெரிகிறது. எஸ்.எஸ்.டி. மட்டும் ஐந்து முறைக்கு ஒரு முறை தலைகாட்டிவிட்டு மறைகிறது.

விண்டோஸ் போனால் போகட்டும். என் ஆச்சி பாடிய தாலாட்டும் நடவுப் பாட்டும் 31 கோப்புகளாக அந்த எஸ்.எஸ்.டி.யில், டெஸ்க்டாப் கோப்புறையில்தான் இருக்கின்றன. ஆச்சி கடந்த தை மாதம் காலமாகிவிட்டார்கள். கைப்பேசியை மாற்றியபோது அதிலிருந்த பிரதிகளையும் அழித்துவிட்டேன். பழுது பார்க்கும் கடையில், பார்மட் செய்து விண்டோஸ் போட்டுத் தருகிறோம், அரை மணி நேர வேலை என்றார்கள். மனம் ஒப்பவில்லை, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். நான் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி (பாளையங்கோட்டை)

தம்பி, கடையிலிருந்து திரும்பக் கொண்டுவந்தீர்களே, அதுவே பாதி வேலை. ஹார்டு டிஸ்க்கைக் குவிக் பார்மட் (விரைவு முறை) செய்தாலும் பழைய தகவல் தட்டில் தங்கியிருக்கும், பிறகு தோண்டி எடுக்கலாம். எஸ்.எஸ்.டி.யில் அப்படியல்ல. பார்மட் செய்யும்போதே விண்டோஸ் டிரிம் என்ற கட்டளையை அனுப்பி, இந்த இடங்கள் இனி வேண்டாம் என்று சொல்லிவிடும். அதன்பின் தகவல் மீட்பு நிலையங்களாலும் பெரும்பாலும் ஒன்றும் செய்ய இயலாது.

முதலில் செலவில்லாத சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். தெரிந்தும் தெரியாமலும் இருப்பதற்குச் டிரைவைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிள் தளர்ந்திருப்பதும் காரணமாகலாம். மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டு, சரியாக இயங்கும் ஹார்டு டிஸ்க்கின் டேட்டா கேபிளையும் பவர் இணைப்பையும் கழற்றி எஸ்.எஸ்.டி.யில் மாட்டிப் பாருங்கள். அதே எஸ்.எம்.பி.எஸ்.ஸின் (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியின்) கேபிளை மட்டுமே பயன்படுத்துங்கள். கழற்றி மாட்டும் வகை எஸ்.எம்.பி.எஸ்.களில் இரு முனைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருந்தால் டிரைவ் அந்த நொடியிலேயே கருகிவிடக்கூடும்.

டிரைவ் தெரிந்துவிட்டால் அவசரப்பட்டு விண்டோஸைப் பழுதுபார்க்க விடாதீர்கள். செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் நிரல்) ஓடட்டுமா என்றோ டிஸ்க்கை இனிஷியலைஸ் (புதிய டிஸ்க்போலத் தயார்) செய்யட்டுமா என்றோ கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். நகல் எடுத்து முடிக்கும்வரை அந்த டிரைவில் ஓர் எழுத்துகூட எழுதப்படக் கூடாது.

மறுமொழி (தென்காசி)

பாளையங்கோட்டை அண்ணாச்சி சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். கேபிள் மாற்றியும் தெரியவில்லை என்றால், திடீர் மின்தடையில் டிரைவின் உள்கணக்கு குலைந்திருக்கலாம். எந்தத் தகவல் எந்தச் சில்லில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணையை எஸ்.எஸ்.டி.யை உள்ளிருந்து இயக்கும் கன்ட்ரோலர் சில்லு ஓயாமல் மாற்றி எழுதிக்கொண்டே இருக்கிறது. எழுதும் நடுவில் மின்சாரம் நின்றால், வயல் அப்படியே கிடக்க அடங்கல் மட்டும் தொலைந்த கதையாகிவிடும். பல டிரைவ்கள் அந்த அட்டவணையைத் தாமே திரும்பக் கட்டிக்கொள்ளும். அதற்கு மின்சாரமும், தொந்தரவில்லாத நேரமும் வேண்டும்.

ஆகவே டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு, பவர் கேபிளை மட்டும் விட்டு, கணினியை அரை மணி நேரம் இயக்கி வையுங்கள். நிறுத்தி, பவர் கேபிளையும் அரை நிமிடம் கழற்றி வைத்துவிட்டு, மீண்டும் அரை மணி நேரம் இயக்குங்கள். பின்னர் நிறுத்தி டேட்டா கேபிளை மாட்டுங்கள். குரூஷியல் எஸ்.எஸ்.டி. வாங்கியவர்களுக்கு அதன் தயாரிப்பாளர் சொன்ன முறையை ஒட்டியதுதான் இது. எங்கள் வீட்டு டிரைவ் ஒன்று இரண்டாம் சுற்றில் எழுந்தது. ஆனால் பயாஸில் டிரைவின் பெயரே மாறி அந்நியமாகத் தெரிந்தாலோ, கொள்ளளவு சில எம்.பி. என்று காட்டினாலோ இது பயன்படாது. உடனே நிறுத்தி மீட்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

தெரிந்தால், பென் டிரைவில் உபுண்டுவை (விண்டோஸ் போன்ற இலவச இயங்குதளம்) ஏற்றி அதிலிருந்து கணினியை இயக்குங்கள். திரையில் தெரியும் எஸ்.எஸ்.டி.யின் சின்னத்தைச் சொடுக்கித் திறக்க வேண்டாம். டிடிரெஸ்கியூ என்ற இலவச நிரலைக் கொண்டு முழு டிரைவையும் ஹார்டு டிஸ்க்கில் ஒரே கோப்பாக நகலெடுங்கள். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, படிக்க முரண்டும் இடங்களைக் குறித்துவைத்து, அவற்றுக்குக் கடைசியில் திரும்பிவரும் நிரல் அது. எது மூலம், எது சேருமிடம் என்பதை மட்டும் மும்முறை சரிபாருங்கள்.

வாரண்டி இருந்தாலும் இப்போது அனுப்பாதீர்கள். வேறு டிரைவ்தான் வரும், பாட்டு வராது.

கேள்வி கேட்டவர் (வீரவநல்லூர்)

அண்ணாச்சிகள் இருவருக்கும் மிக்க நன்றி. கேபிள் மாற்றியதில் பயனில்லை. தென்காசி அண்ணாச்சி சொன்ன முறையை மூன்று சுற்று செய்தபின் டிரைவ் தன் உண்மையான பெயரோடும் 240 ஜி.பி. அளவோடும் தெரிந்தது. நகலெடுப்பு இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி விடியற்காலையில் முடிந்தது. அதற்கடுத்த முறை கணினியை இயக்கியபோது டிரைவ் மறுபடியும் காணாமல் போயிற்று.

31 கோப்புகளில் 29 முழுமையாகத் திறக்கின்றன. மீதி இரண்டும் அளவில் சரியாக இருந்தும் எந்த நிரலிலும் பாடவில்லை. இரண்டும் எம்4ஏ வகை. இவற்றுக்கு வழி உண்டா? மீட்டவற்றைப் புதிய எஸ்.எஸ்.டி.யில் போட்டுப் பீரோவில் வைக்கலாமா?

மறுமொழி (பாளையங்கோட்டை)

பீரோவில் எஸ்.எஸ்.டி. வேண்டாம், தம்பி. அதில் தகவல் மின்னூட்டமாகத்தான் நிற்கிறது. மின்சாரமின்றிக் கிடந்தால் மெல்லக் கசியும், வெப்பத்தில் விரைந்து கசியும். எழுதும் ஆயுள் தீர்ந்த வீட்டு உபயோக டிரைவ், 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தாங்கினால் போதும் என்பதே சில்லுத் தொழில்துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரவிதி. புதியது இன்னும் நெடுநாள் தாங்கும். ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலை நம்பி வைக்க வேண்டாம். இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் போட்டு, ஒன்றை வெளியூர் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

அந்த இரண்டு கோப்புகளைப் பற்றி: எம்4ஏ கோப்பில் ஒலி எங்கெங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பல கைப்பேசிகள் பதிவை நிறுத்தும்போதுதான் கோப்பின் இறுதியில் எழுதும். அந்த இறுதிப்பகுதி படிக்க முடியாமல் போயிருந்தால் ஒலி உள்ளே இருந்தும் நிரல்களால் திறக்க முடியாது. அன்ட்ரங்க் என்ற இலவச நிரலுக்கு, அதே கைப்பேசியில் பதிவான நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் அது அட்டவணையைத் திரும்ப எழுதித் தரும். பழுதான கோப்பின் பிரதியிலேயே முயலுங்கள்.

கேள்வி கேட்டவர் (வீரவநல்லூர்)

ஒன்று திறந்துவிட்டது, அண்ணாச்சி. கடைசி 40 நொடி இல்லை. முன்பகுதி தெளிவாக இருக்கிறது. தொண்டையைச் செருமிவிட்டு, “லேய், பதியுதா?” என்று ஆச்சி கேட்கிறார்கள். பிறகு பாட்டு தொடங்குகிறது. மற்றொன்றை இன்றிரவு முயல்கிறேன்.