ஹைப்பர்ஸ்பெக்ட்ரல்: மீநிறமாலையா, செறிநிறமாலையா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

அலெக்சாண்டர் கோயட்ஸும் பிரையன் கர்டிஸும் 1990இல் கொலராடோவின் போல்டர் நகரில் தொடங்கிய ஒளி அளவீட்டுக் கருவி நிறுவனமான அனலிட்டிக்கல் ஸ்பெக்ட்ரல் டிவைசஸைப் பற்றி நம் அன்பர் ஒருவர் கட்டுரை எழுதுகிறார். அதற்காக 'ஹைப்பர்ஸ்பெக்ட்ரல்' என்பதற்குத் தமிழ் கேட்டிருந்தார். ஒளியை நூற்றுக்கணக்கான குறுகிய அலைநீளப் பட்டைகளாகப் பிரித்துப் படம் எடுக்கும் முறை அது. வந்த பதில்களை எல்லாம் படித்தேன். கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

> ஹைப்பர்டெக்ஸ்ட் மீயுரை ஆனது. அதே வழியில் மீநிறமாலை என்று வைத்தால் வேலை முடிந்தது.

சொல் சுருக்கமாக இருக்கிறது, நாவிலும் எளிதாக வருகிறது. ஆனால் 'மீ' ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. அல்ட்ராசவுண்டுக்கு மீயொலி, சூப்பர்கண்டக்டருக்கு மீக்கடத்தி, ஹைப்பர்டெக்ஸ்டுக்கு மீயுரை. இத்துறையில் 'அல்ட்ராஸ்பெக்ட்ரல்' என்றும் ஒரு சொல் புழங்குகிறது. நாளை அதற்கு எங்கே போவோம்? இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மீநிறமாலை என்றால் 'ஏதோ அதிகம்' என்று மட்டும்தான் தெரியும். எது அதிகம், ஏன் அதிகம் என்று தெரியாது. மூலச் சொல்லிலேயே உள்ள குறை அது. அதையும் சேர்த்துத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

இந்த முறையில் படம் எடுக்கும் கருவிகளை உருவாக்கியவர்கள் என்ன நினைத்தார்கள் என்று பார்த்தால் வழி கிடைக்கிறது. கோயட்ஸின் பணி வாழ்க்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1969இல் அப்பல்லோ 12 கலம் நிலவைச் சுற்றியபோது நான்கு கேமராக்கள், ஒவ்வொன்றிலும் வேறு வடிகட்டி, நிலவின் தரையைப் படம் எடுத்தன. அந்தச் சோதனையின் முதன்மை ஆய்வாளர் அவர். நான்கு நிறம், நான்கு படம்: இது பன்னிறமாலை ('மல்ட்டிஸ்பெக்ட்ரல்'). அப்புறம் 1970களில் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் அவரும் உடன் பணியாற்றியவர்களும், முதுகில் சுமந்து செல்லக்கூடிய நிறமாலைமானி (ஒளியை அலைநீளவாரியாக அளக்கும் கருவி) ஒன்றை நெவாடாவின் பாறைகளுக்கே கொண்டுபோய் அளந்தார்கள். களிமண் கனிமங்கள் 2200 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சுவது களத்திலேயே தெளிவாகத் தெரிந்தது. நிலவியலாளர்கள் கேட்டதால் 1982இல் விண்ணுக்குப் போன லேண்ட்சாட் 4 செயற்கைக்கோளின் தீமாட்டிக் மேப்பர் என்ற படக்கருவியில் அந்தப் பகுதிக்கென்று ஒரு பட்டை சேர்க்கப்பட்டது. கடைசியில் சேர்ந்ததால்தான் அதன் எண் 7. அலைநீள வரிசைப்படி பார்த்தால் வெப்பப் பட்டையான 6க்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த 7ஆம் பட்டை 2080 முதல் 2350 நானோமீட்டர் வரை ஒரே அகலப் பட்டை. அந்த அகலத்துக்குள் கயோலினைட், அலுனைட், கால்சைட் ஆகிய கனிமங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே ஓர் எண்ணாகிவிடும். களிமண் இருக்கலாம் என்று தெரியும், எந்தக் களிமண் என்று தெரியாது. கயோலினைட் என்ற களிமண் கனிமத்துக்கு 2165, 2205 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சுவதால் இரட்டைக் குழி உண்டு. அது தெரிய வேண்டுமென்றால் சுமார் 10 நானோமீட்டர் அகலமுள்ள பட்டைகள் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து நிற்க வேண்டும். அப்படித்தான் 1980களின் தொடக்கத்தில் 128 பட்டைகளுடன், விமானத்தில் பறந்த ஏஐஎஸ் கருவி வந்தது. பின்னர் 400 முதல் 2500 நானோமீட்டர் வரை 224 பட்டைகளுடன் அவிரிஸ் என்ற விமானக் கருவி வந்தது.

எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது 224 என்ற எண் அல்ல. முழு அகலத்திலும் 224 பட்டைகளை விட்டுவிட்டுத் தூவியிருந்தால் பயன் குறைவு. நெருக்கமாக, விடுபடாமல் இருப்பதுதான் சாரம். கோயட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பில்கூட 'இமேஜிங் ஸ்பெக்ட்ரோமெட்ரி' என்றுதான் இருக்கிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முழு நிறமாலை என்பதே அவர்கள் சொல்ல வந்தது.

> அப்படியானால் தொடர்நிறமாலை என்று சொல்லலாமே?

முதலில் எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் பள்ளிப் பாடநூலில் தொடர் நிறமாலை, வரி நிறமாலை, பட்டை நிறமாலை என்று மூன்றும் ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு மாணவரைக் குழப்ப வேண்டாம்.

என் முன்மொழிவு: செறிநிறமாலை. 'செறிதொடி' என்று குறளில் வருகிறதே, இடைவெளி தெரியாமல் வளையல் அடுக்கிய கை, அந்தச் 'செறி'. பட்டைகள் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன.

> செறிவு என்றால் இயற்பியலில் இன்டென்சிட்டி. குழப்பம் வராதா?

நியாயமான கேள்வி. செறிவு என்ற பெயர்ச்சொல்லாக எழுதினால் குழப்பம் வரும், 'செறிவு நிறமாலை' என்று யாரும் எழுதிவிடக் கூடாது. செறிநிறமாலை வினைத்தொகை; பிரிக்காமல் ஒரே சொல்லாக எழுதினால் வேறு பொருள் தோன்ற இடமில்லை.

'நிறம்' பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார்: 2200 நானோமீட்டரில் ஏது நிறம் என்று. உண்மைதான். இலங்கைப் பாடநூல்களின் 'திருசியம்' இந்தச் சிக்கலில் மாட்டாத சொல். ஆனாலும் நிறமாலை வேரூன்றிவிட்டது, அகச்சிவப்பு நிறமாலை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதை இப்போது பிடுங்க வேண்டாம்.

ஆக, பொதுவாக நிறமாலைப் படிமம். சில அகலப் பட்டைகள் மட்டும் என்றால் பன்னிறமாலை. நெருங்கிய பட்டைகள் என்றால் செறிநிறமாலை. கருவிக்குப் படிம நிறமாலைமானி. சந்திரயான் 1இல் போன எம்3 கருவியும் படிம நிறமாலைமானிதான். கார்லே பீட்டர்ஸ் தலைமையிலான குழு அதன் தரவிலிருந்து நிலவின் தரையில் நீர், ஹைட்ராக்சில் தடயத்தை 2009இல் அறிவித்தது. மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த அந்தப் பயணத்தைப் பற்றித் தமிழில் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். அந்தக் கருவியின் வகைக்கும் ஒரு நிலையான தமிழ்ப் பெயர் இருந்தால் நன்றாக இருக்கும்.

கட்டுரை எழுதும் அன்பருக்கு ஒரு வேண்டுகோள். நிறுவனர்களை 'செறிநிறமாலை நிபுணர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அந்த நிறுவனம் பெயர் பெற்றது 350 முதல் 2500 நானோமீட்டர் வரை அளக்கும் களக் கருவியால். அது படம் எடுக்காது. நிலத்தில் நின்று, முதலில் ஒரு வெண்பலகையை அளந்து, பிறகு பாறையையோ இலையையோ அளக்கும். மேலிருந்து விமானம் எடுத்த படம் சரிதானா என்று பார்க்க அந்த அளவுதான் ஆதாரம். இதற்கு 'அளவுத்திருத்தம்' என்ற சொல் போதும், புதிதாக ஒன்றும் வேண்டாம்.

தீராமல் இருப்பது 'புஷ்புரூம்' ஒன்றுதான். கலம் நகர நகர ஒரு முழு வரியை ஒரே நேரத்தில் படிக்கும் முறை. ஏஐஎஸ் அப்படிப் படித்தது. அவிரிஸ் கண்ணாடியைப் பக்கவாட்டில் ஆட்டிப் புள்ளி புள்ளியாகப் படித்தது. முதலாவதற்கு வரிவருடல், இரண்டாவதற்குப் புள்ளிவருடல் என்று வைக்கலாமா? துடைப்பத்தைத் தமிழுக்கு இழுத்துவர எனக்கு விருப்பமில்லை. வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்வோம்.