புதுப்பிப்பு: பனிக்கால டயர் பற்றிய இழையில் ஒரு திருத்தம்

டயரின் பக்கச்சுவரில் 'எம்+எஸ்' (சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) இருந்தால் பனிக்குப் போதும் என்று இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். அது தவறு. அந்த முத்திரை, தரையில் படும் பரப்பில் உள்ள வெட்டுகளின் வடிவத்தை வைத்து நிறுவனமே போட்டுக்கொள்வது. பனியில் இழுவை சோதித்துத் தேறிய டயரில்தான் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்தப் படம் கட்டாயம் (பிடிப்புக்காகச் சிறு உலோக ஆணிகள் பதித்த டயருக்கு விலக்கு உண்டு).

"முன்சக்கர இழுவை வண்டிதானே, முன்னால் இரண்டு போதாதா?" என்று கேட்டிருந்தீர்கள். போதாது. வளைவில் பிரேக் மிதித்தால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும், வண்டி சுழன்றுவிடும். நான்கும் ஒரே ரகமாக இருக்கட்டும். ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரத்துக்கும் இழுவை) கிளம்பத்தான் கைகொடுக்கும், நிற்க உதவாது.

பழைய டயர் வாங்கினால் பக்கச்சுவரில் உள்ள 'டாட்' (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 3519 என்றால் 2019இன் 35வது வாரம். வெட்டு ஆழம் 4 மி.மீ.க்குக் கீழே என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சட்டம் அதைவிடக் குறைவாக அனுமதிக்கலாம், ஈரப்பனி அனுமதிக்காது.

காற்று: வெப்பநிலை சுமார் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் டயரின் காற்றழுத்தம் 1 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) இறங்கும். வண்டி ஓடாத காலையில், கதவுச்சட்டத்து ஒட்டியில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். டயரை மாட்டி 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து இறுக்கும் கருவி) மறுபடி சரிபாருங்கள்.