மோனோ பிளாக்குகளை விற்றுவிட்டு இன்டகிரேட்டட் ஆம்புக்கு மாறிய அனுபவம்

ஆடியோ பெட்டிகளைக் குறைத்துவிட்டு இன்டகிரேட்டட் ஆம்புக்கு (ப்ரீ ஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில் இருப்பது) மாறியவர்கள் எழுதுங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார், அதனால் என் கதை. சிங்கப்பூர் செங்காங்கில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, பாட்டுக் கேட்பது ஹாலில்தான். ப்ரீ ஆம்ப் (எதைக் கேட்பது, எவ்வளவு சத்தம் என்று பார்த்துக்கொள்வது), இரண்டு மோனோ பவர் ஆம்ப் (ஸ்பீக்கருக்கு ஒன்றாக அதை ஓட்டும் மோனோ பிளாக்), தனி ஃபோனோ ஸ்டேஜ் (இசைத்தட்டின் மெல்லிய சிக்னலை உயர்த்துவது), டேக் (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றுவது), ஸ்ட்ரீமர் (நெட்டிலிருந்து பாட்டை எடுப்பது) எல்லாம் வைத்திருந்தேன். சத்தத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அம்மாவுக்கு ஒலி 96.8 வானொலி கேட்கணும் என்றால் எதை முதலில் போடுவது, எதை முதலில் அணைப்பது என்று நான் ஆபீஸிலிருந்து போனில் சொல்ல வேண்டும். பவர் ஆம்பைப் போட்ட பிறகு ப்ரீ ஆம்பைப் போட்டால் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஓர் அடி விழும், மேல் ஸ்தாயியைத் தரும் சின்ன ட்வீட்டருக்கு அது நல்லதில்லை.

அதைவிடத் தொல்லை, ஸ்பீக்கரில் ஓயாமல் கேட்கும் ரீங்காரம், அதாவது ஹம். ஒவ்வொரு பெட்டியும் மூன்று பின் பிளக் வழியாக ஒரு தடவை எர்த் ஆகிறது, இணைக்கும் கேபிள் வழியாக இன்னொரு தடவை ஆகிறது, அந்த வளையத்தில்தான் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் புகுந்துவிடும். இசைத்தட்டில் கச்சேரி ஆரம்பித்து வெறும் தம்புரா மட்டும் ஓடுகிற அந்தச் சில நொடிகளில் சுருதியோடு சேராத இன்னொரு சுருதி கேட்கும், பாடகர் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும்.

வாட் எவ்வளவு வேண்டும் என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். என் ஸ்பீக்கர் 86 டெசிபல், அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 86. பத்து மடங்கு வாட்டுக்கு 10 டெசிபல்தான் கூடும், ஆக 10 வாட்டுக்கு 96, 100 வாட்டுக்கு 106. இரவு 10.30க்கு மேல் பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு கேட்கிற அளவுக்கு ஒரு வாட்டே அதிகம். மிருதங்கத்தில் திடீரென்று விழும் அடிக்குத்தான் கொஞ்சம் கையிருப்பு வேண்டும். நல்ல 100 வாட் ஆம்ப் நம்ம ஹாலுக்குத் தாராளம், 300 வாட்டுக்குக் காசு கொடுப்பது கண்காட்சிக்கு.

கோல்மன் ஸ்ட்ரீட்டில் ஆடியோ கடைகள் இருக்கும் அடெல்பி கட்டடத்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எடுத்துப் போனது நான் நன்றாக அறிந்த இரண்டே பதிவுகள், ஒன்று நாதஸ்வரம், ஒன்று பாட்டுக் கச்சேரி. கடைக்காரர் போடும் ஜாஸ் பாட்டில் எல்லா ஆம்பும் அழகாகத்தான் இருக்கும்! நான் கவனித்தது மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், அதாவது கனத்த நாதம் தரும் இடது பக்கம். கும்கி கொடுக்கும்போது (தட்டிவிட்டுக் கையால் அழுத்தி இழுக்கும்போது) நாதம் வளைந்து ஏறணும், பல ஆம்பில் அது 'தும்' என்று மொட்டையாக நின்றுவிடுகிறது.

ஹெகல் எச்390 என்ற இன்டகிரேட்டட் ஆம்ப் இதில் கெட்டி. 250 வாட், டேக்கும் ஸ்ட்ரீமரும் உள்ளேயே, பெட்டி குறைய இதைவிட வழியில்லை. ஆனால் நாதஸ்வரம் எனக்குக் கொஞ்சம் வறட்சியாகப் பட்டது, இது என் காது. ஆக்யூஃபேஸ் இ-650 குரலில் எல்லாவற்றையும் தாண்டிவிட்டது, உண்மையைச் சொன்னால் மனசு அங்கேதான் நின்றது. பிரச்சினை அது கிளாஸ் ஏ, 30 வாட். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் மின்சாரத்தை இழுத்து வெப்பமாக விட்டுக்கொண்டே இருக்கும். மேல்மூடியில் கையை வைத்தேன், ரொம்ப நேரம் வைக்க முடியவில்லை. குளிர் ஊரில் அது சுகம், நம்ம ஊரில் ஆம்புக்காக ஏர்கான் போட வேண்டிவரும்.

கடைசியில் எடுத்தது லக்ஸ்மன் எல்-509எக்ஸ். கிளாஸ் ஏபி (கிளாஸ் ஏ அளவுக்குச் சூடாகாது), 120 வாட், ஃபோனோ உள்ளேயே இருக்கிறது, எம்எம், எம்சி என்ற இரண்டு வகை இசைத்தட்டு ஊசிக்கும். உள்ளே டேக் கிடையாது, எனக்கும் டேக் இல்லாத ஆம்ப்தான் வேண்டியிருந்தது. ஆம்ப் இருபது வருஷம் உழைக்கும், டிஜிட்டல் பக்கம் சில வருஷத்திலேயே பழசாகிவிடும், இரண்டையும் ஒரே பெட்டியில் கட்டிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆக்யூஃபேஸ் மாதிரி டேக்கைப் பின்னால் போர்டாகச் செருகிக் கழற்ற முடிந்தால் சரி. (எல்-509எக்ஸ் இப்போது பழைய மாடல், அதன் இடத்தில் எல்-509இசட் வந்துவிட்டது.)

பழைய பொருள் விற்கும் கெரோசல் தளத்தில் ஜப்பானிலிருந்து வந்த பழைய லக்ஸ்மன், ஆக்யூஃபேஸ் மலிவாக வரும். விலையைப் பார்த்ததும் பணத்தை அனுப்பிவிடாதீர்கள், பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். 100 வோல்ட் என்று எழுதியிருந்தால் நம்ம 230க்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கணும், அப்படியானால் குறைத்த பெட்டி திரும்ப வந்துவிட்டது, ரிப்பேருக்கு இங்குள்ள ஏஜென்ட் தொடுவாரா என்பதும் சந்தேகம்.

இழப்பு இல்லையா என்றால், இருக்கிறது. கண்ணை மூடினால் தெரிகிற கச்சேரி மேடையின் அகலம் மோனோவில் கொஞ்சம் கூடுதல், வயலின்காரர் ஸ்பீக்கருக்கு வெளியே உட்கார்ந்த மாதிரி இருப்பார், இப்போது ஸ்பீக்கர் ஓரத்தோடு சரி. ஹம் போய்விட்டது, தம்புரா தம்புராவாகக் கேட்கிறது, அம்மாவே போட்டு அம்மாவே அணைக்கிறார். மாற்றுகிறவர்கள் இரண்டு செலவைக் கணக்கில் வையுங்கள். மோனோ பிளாக் ஸ்பீக்கர் பக்கத்திலேயே இருந்ததால் என் ஸ்பீக்கர் கேபிள் குட்டை, புதிதாக நீளமாக வாங்க வேண்டியதாயிற்று. அப்புறம் இந்த ஆம்ப் 29 கிலோவுக்கு மேல், ஆழம் 46 செ.மீ., என் ரேக் தட்டு 40தான், பின்னால் கேபிள் வளையவும் இடம் வேண்டும். கடைக்குப் போகும் முன் தட்டை அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.