ஓட்டுநரின் நோய் யாருக்குத் தெரிய வேண்டும்? – அனுபவப் பகிர்வு

பழைய டிரசர், சுங்கை சிப்புட்

தோட்டக் கிளினிக்கில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பள்ளி வேன் ஓட்டும் அண்ணன் ஒருவர், இனிப்புநீருக்கு ஊசி போட்டுக்கொள்பவர், ஒரு காலையில் பிள்ளைகளோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மிட்டாயின் தாளைப் பிரிக்க முயன்றார். விரல்கள் நடுங்கியதால் முடியாமல், கடைசியில் தாளோடு வாயில் போட்டுக்கொண்டார். சோதித்தபோது இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 2.8 மில்லிமோல்தான் இருந்தது. சீனித் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, பிள்ளைகளை வேறு வண்டியில் அனுப்பினோம். தெளிந்ததும், "தம்பி, முதலாளிக்குத் தெரிய வேண்டாம், வேன் போனால் குடும்பமே போய்விடும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நோயாளியின் இரகசியத்தைக் காக்க வேண்டும் என்று படித்தவன் நான். அந்தப் பிள்ளைகளுக்கும் கடமைப்பட்டவன். மருத்துவர் முன்னிலையில் பேசி, அவரே முதலாளியிடம் சொல்லும்படி செய்தேன். அந்த வாரமே அவருக்கு வேலை போயிற்று. நான் செய்தது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஆயினும் மனம் ஆறவில்லை.

லோரிக்காரர் மகள்

டிரசர் ஐயா, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் முதலாளிக்குச் சொல்வது என்பது எப்படி முடியும் என்பதை எங்கள் வீடு அறியும். அப்பா செம்பனைக் குலை லோரி ஓட்டினார். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பதாக மருத்துவர் எழுதிய கடிதம் ஒட்டிய உறையில்தான் அலுவலகத்துக்குப் போனது. எடைப்பாலத்தில் மற்ற ஓட்டுநர்கள் வரிசையில் நிற்கும்போது கிராணி அதைப் பிரித்து உரக்கப் படித்தார். அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் லோரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நடந்து வந்தார். பொழுது சாய்வதற்குள் லயம் முழுவதும் தெரிந்துவிட்டது. அதன்பிறகு எங்கள் பக்கத்து ஓட்டுநர்களில் மனநல மருத்துவரிடம் போனதாக ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் மனநலம் பற்றிய விவரங்களுக்குக் கூடுதல் பாதுகாப்புத் தருகிறது. எடைப்பாலம் வரைக்கும் அது வந்து சேரவில்லை.

ஆலைப் பணியாளர்

தங்கை, உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநியாயம். அதற்காக மறைப்பதை ஞாயப்படுத்த முடியாது. எங்கள் ஆலையில் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவருக்கு வலிப்பு இருந்தது, அவர் வேலை நேரத்தில் விழுந்து கிடந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 2014 டிசம்பர் 22 அன்று குப்பை லோரி ஓட்டுநர் ஒருவர் நினைவிழந்ததில் 6 பேர் இறந்தார்கள். 2010இல் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையிலேயே மயங்கியதை மறைத்துத்தான் அவர் அந்த வேலையில் சேர்ந்திருந்தார். 2015 மார்ச் 24 ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி மலையில் மோதியதில் 150 உயிர்கள் போயின. வேலைக்குத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் எழுதிய சீட்டுகள் அவர் வீட்டில் கிழிந்து கிடந்தன. மருத்துவருக்குத் தெரிந்தது, நிறுவனத்துக்குத் தெரியவில்லை. உயிராபத்து இருக்கும்போது நோயாளியின் சம்மதமின்றியும் தெரிவிக்கலாம் என்று மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டியே இடம் தருகிறது.

ஓட்டுநர்களுக்கு இன்னொன்று. இனிப்புநீருக்கு ஊசி போடுபவர் சாவியைத் தொடுமுன் விரலைக் குத்திப் பாருங்கள். 5க்குக் கீழே இருந்தால் முதலில் சாப்பிடுங்கள், 4க்குக் கீழே போனால் ஓட்டவே கூடாது. சர்க்கரை ஏறிய பிறகும் முக்கால் மணி நேரம் காத்திருங்கள், ஏனென்றால் அளவு சரியானாலும் மூளை தெளிய நேரம் பிடிக்கும். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் சர்க்கரையைத் தாழ்த்தும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு அந்தப் பயம் குறைவு. மிட்டாயைத் தாள் பிரித்தே டப்பாவில் வையுங்கள்.

லோரிக்காரர் மகள்

அண்ணா, மறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. 'ஓட்டலாம்' அல்லது 'இத்தனை நாள் ஓட்டக்கூடாது' என்பதற்கு மேல் முதலாளிக்கு என்ன தெரிய வேண்டும்? நோயின் பெயர் எதற்கு? அப்படி எழுதித் தர அப்பாவின் மருத்துவர் அன்றே தயாராக இருந்தார். காரணம் குறிப்பிடாத கடிதம் செல்லாது என்று திருப்பி அனுப்பியது அலுவலகம்தான். ஓட்டாத நாட்களுக்கு வேறு வேலையும் அதே சம்பளமும் உண்டு என்று ஒரு வரி எழுதித் தந்திருந்தால், அப்பா தானே போய்ச் சொல்லியிருப்பார்.